'மீன்' என்று வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் எந்தச் சொல்? நீங்களே தேடிப் பார்க்கும் வழி

எங்கள் சபையில் 16 வருஷமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். பெரிய பிள்ளைகள் வகுப்பு. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் அந்த மீன் அடையாளத்தை வரைந்தேன். கார்களின் பின்னால் ஒட்டியிருப்பார்களே, இரண்டு வளைகோடுகள் வால் பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், அதுதான். உள்ளே 'இக்தூஸ்' என்று எழுதி, "கிரேக்கத்தில் மீனுக்கு இதுதான் பேர். வேதத்தில் இருக்கிற அடையாளம்" என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வேதாகமத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "எந்த அதிகாரம் டீச்சர்?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் முழுக்க, ராத்திரி அடுக்களையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து தேடினேன். அந்த அடையாளம் வேதத்தில் எங்கும் இல்லை. அடுத்த ஞாயிறு அவனிடமும் வகுப்பிலும் அப்படியே சொன்னேன். ஆனால் தேடப்போன இடத்தில் வேறொன்று கிடைத்தது. சின்ன வயதிலிருந்து 'மீன்', 'மீன்' என்றே நான் வாசித்துப் பழகிய வசனங்களில் கிரேக்கத்தில் ஒரே சொல் இல்லை. ஐந்து சொற்கள் இருக்கின்றன. எந்த வசனத்தில் எது என்று தெரிந்துகொண்டால், ஏரிக்கரையில் நடந்த அந்தக் காட்சிகள் இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கின்றன. எனக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்துகளை அடையாளம் காணவும், வேற்றுமை மாறும்போது சொல்லின் வால் மாறுவதைக் கவனிக்கவும் மட்டும் பழகியிருக்கிறேன். அது போதும். நான் தேடிய வழியை, நீங்களும் செய்து பார்க்கும்படி சொல்கிறேன்.

கையில் வேண்டியவை

உங்கள் தமிழ் வேதாகமம், ஒரு நோட்டு, போனில் ஓர் இன்டர்லீனியர் புதிய ஏற்பாடு. இன்டர்லீனியர் என்றால் கிரேக்க வரி ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே ஆங்கிலப் பொருள், கூடவே ஓர் எண். இலவசமாகவே கிடைக்கிறது. அந்த எண்ணுக்கு ஸ்ட்ராங் எண் என்று பெயர். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1890-ல் வெளியிட்ட ஒத்துவாக்கிய அகராதியில் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் புத்தகம்), மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். ரேஷன் கார்டு எண் மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆள் சட்டையை மாற்றினாலும் எண் மாறாது. சொல் எந்த வேற்றுமையில் வந்தாலும் எண் அதேதான்.

முதலில் மத்தேயு 14:17-ஐத் திறந்து 'மீன்' என்பதற்கு மேலே உள்ள சொல்லைத் தொடுங்கள். 2486 என்று வரும். அடுத்து யோவான் 6:9. அதே ஐந்து அப்பம், அதே இரண்டு மீன். தொட்டால் 3795. ஒரே சம்பவம், இரண்டு எண். இந்த இடத்தில்தான் அன்றைக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நோட்டில் ஐந்து பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம் 2486, இக்தூஸ். மீனுக்குப் பொதுவான பெயர். புதிய ஏற்பாட்டில் 20 தடவை வருகிறது. இரண்டாவது 3795, ஒப்சாரியோன். ஐந்தே தடவை, ஐந்தும் யோவானில் (6:9, 6:11, 21:9, 21:10, 21:13). மூன்றாவது 2485, இக்துதியோன். இக்தூஸைச் சின்னதாக்கிச் சொல்வது, மீன்குஞ்சு, பொடிமீன் என்பதுபோல. மத்தேயு 15:34, மாற்கு 8:7, இரண்டே இடம். நான்காவது 4371, புரொஸ்ஃபாகியோன். யோவான் 21:5-ல் ஒரே தடவை. ஐந்தாவது 2785, கேதோஸ். இதுவும் ஒரே தடவை, மத்தேயு 12:40, யோனாவை விழுங்கியது. மொத்தம் 29. ஒவ்வொரு வசனத்தையும் உரிய பக்கத்தில் கையால் எழுதுங்கள். போனில் பட்டியலாகப் பார்ப்பதும் கையால் எழுதுவதும் ஒன்றல்ல. எழுதும்போதுதான், 'இவர் மட்டும் ஏன் இந்தச் சொல்லை எடுத்தார்?' என்ற கேள்வி வரும்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. இக்தூஸ் என்பதில் இருக்கிற 'க்' நம்முடைய ஆய்த எழுத்துக்குக் கிட்டத்தில் வரும், தொண்டையில் காற்று உரசும். 'தூ' சொல்லும்போது உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லிப் பாருங்கள், அந்தச் சத்தம்.

தமிழில் மட்டும் தேடினால் தப்பிப்போகிறவை

தமிழ் வேதாகம ஆப்பில் 'மீன்' என்று அடித்துத் தேடினால் போதுமே என்று முதலில் நானும் நினைத்தேன். போதாது. 1 கொரிந்தியர் 15:39-ல் பழைய திருப்புதலில், அதாவது நம் சபைகளில் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், 'மச்சங்களுடைய மாம்சம்' என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அது இக்தூஸ்தான், ஆனால் தமிழ்த் தேடலில் விழாது.

மறுபக்கமும் உண்டு. மத்தேயு 13:47-ல் பரலோகராஜ்யம் வலைக்கு ஒப்பாயிருக்கிறது. 'சகலவிதமான மீன்களையும்' வாரிக்கொள்ளும் வலை என்று தமிழில் வாசிக்கிறோம். கிரேக்கத்தில் மீன் என்ற சொல்லே அங்கே இல்லை. 'எல்லா இனத்திலுமிருந்து' சேர்க்கும் வலை என்று மட்டும் இருக்கிறது. வலை என்றால் மீன்தானே என்று மொழிபெயர்ப்பாளர்கள் நிரப்பியிருக்கிறார்கள். பிழை இல்லை, படிக்கிறவருக்கு அது உதவி. ஆனால் அந்த வலை எது என்று பாருங்கள்: சகேனே, எண் 4522. நம் கடற்கரையில் கரைவலை என்கிறோமே, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கிறது, அந்த வகை. அதில் எது சிக்கும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. வந்ததையெல்லாம் கரையில் கொட்டிய பிறகுதான் உட்கார்ந்து பிரிப்பார்கள். அடுத்த வசனமும் அதையே சொல்கிறது.

'மீன்பிடிக்கிறவர்' என்ற சொல்லிலும் கிரேக்கத்தில் மீன் கிடையாது. ஹலியேயூஸ், எண் 231. உப்பு, கடல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. யோவான் 21:3-ல் பேதுரு 'மீன்பிடிக்கப்போகிறேன்' என்கிறாரே, அங்கேயும் அந்தச் சொல்லின் வினைதான். எங்கள் ஊரில் யாராவது, "அண்ணன் எங்கே?" என்று கேட்டால், "கடலுக்குப் போயிருக்கு" என்பார்கள். மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேதுரு சொன்னதும் கிட்டத்தட்ட, "நான் கடலுக்குப் போறேன்". இத்தனைக்கும் அது 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி. ஆனாலும் கடல் என்றுதான் அவர்கள் வாயில் வரும்.

ஒப்சாரியோன்

இந்தப் பக்கத்துக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன். உங்களிடமும் அதையே கேட்பேன்.

என் அம்மா கருவாட்டு வியாபாரம் செய்தவர். வாரச் சந்தைக்குக் கூடை தூக்கிப் போவார். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "ஏட்டி, வெஞ்சனத்துக்கு என்ன வச்சிருக்க?" சோறு இருக்கும் என்று தெரியும். அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதுதான் கேள்வி. வெஞ்சனம் என்றால் மீன் என்று அர்த்தமில்லை. துவையலும் வெஞ்சனம்தான், அவித்த முட்டையும் வெஞ்சனம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பத்துக்கு எட்டு நாள் அது மீனாகவோ கருவாடாகவோ இருக்கும்.

ஒப்சாரியோன் அப்படிப்பட்ட சொல். ஓப்சோன் என்றால் கிரேக்கர்களுக்கு அப்பத்தோடு சேர்த்துச் சாப்பிடுகிற எதுவும். ஒப்சாரியோன் அதைச் சின்னதாக்கிச் சொல்லும் வடிவம். நாளாவட்டத்தில் அது மீனையே குறிக்க ஆரம்பித்தது. எத்தனையோ தொடுகறிகள் இருந்தும் மீன்தான் அந்தப் பெயரைத் தனக்கென்று தட்டிக்கொண்டது என்று முதலாம் நூற்றாண்டில் பிறந்த புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நமக்கு இது புரிய உதாரணம் தேட வேண்டியதே இல்லை. 'கறி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடுகறி, காய்கறி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் கறிக்கடை என்றால் ஆட்டிறைச்சிக் கடை. "இன்னைக்கு வீட்ல கறி" என்றால் யாரும் கத்தரிக்காய் என்று நினைப்பதில்லை. ஓப்சோன் மீன் பக்கம் போனது, கறி இறைச்சி பக்கம் போனது. இன்றைக்கு கிரேக்க நாட்டில் மீனுக்கு வழங்கும் பெயர் 'ப்சாரி'. ஒப்சாரியோன்தான் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. சாப்பாட்டு இலையில் இருந்த சொல் கடலுக்குள் போய்விட்டது.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இந்த உறவு தெரிகிறது. எண்ணாகமம் 11:5-ல் எகிப்தில் சாப்பிட்ட மீனை நினைத்து ஜனங்கள் ஏங்கும்போது அங்கே இக்தூஸ். அதே அதிகாரம் 22-ம் வசனத்தில், சமுத்திரத்து மீன்களையெல்லாம் சேர்த்தாலும் போதுமா என்று மோசே கேட்கும்போது, ஓப்சோனின் கூடப்பிறந்த சொல்லான ஓப்சோஸ்.

கலிலேயாவில் அந்தத் தொடுகறி பெரும்பாலும் உப்புப் போட்ட மீனாக இருந்திருக்கும். ஏரிக்கரையில் தாரிகேயை என்று ஓர் ஊர் இருந்தது. அந்தப் பெயருக்கே மீன் உப்பிடுகிற இடம் என்று அர்த்தம். அங்கே ஏரி மீன் உப்பிடுவதற்கு அருமையாக இருக்கும் என்று ஸ்திராபோன் என்ற பழைய புவியியலாளர் குறித்திருக்கிறார். மகதலேனா மரியாளின் ஊரான மகதலாதான் அது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கருவாட்டு வாடையோடு வளர்ந்த எனக்கு இதைப் படித்த அன்று அம்மாவின் கூடை ஞாபகம் வந்தது. அந்தப் பையனின் கையில் இருந்தவை பச்சை மீன்களா, உப்பு மீன்களா என்று யோவான் சொல்லவில்லை. ஆனால் அவர் எடுத்த சொல் சாப்பாட்டுச் சொல். மத்தேயுவும் மாற்கும் லூக்காவும் 'ஐந்து அப்பம், இரண்டு மீன்' என்கிறார்கள். யோவானில் அந்திரேயா சொல்வதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், "ஒரு பையன்கிட்ட அஞ்சு வாற்கோதுமை அப்பமும் ரெண்டு வெஞ்சன மீனும் இருக்கு". யாரோ ஒரு தாய் கட்டிக் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலம் போலக் கண்ணில் படுகிறது. தாய் என்பது என் ஊகம். வசனத்தில் அது இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில அகராதிகளில் ஒப்சாரியோனுக்கு 'சிறு மீன்' என்று மட்டும் போட்டிருக்கும். அதை வைத்து, 'பையனிடம் இருந்தவை சின்னஞ்சிறு மீன்கள்' என்று பிரசங்கம் பண்ண அவசரப்படாதீர்கள். யோவான் 21:10-ல் இயேசு, இப்போது பிடித்த 'ஒப்சாரியோன்'களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்கிறார். அடுத்த வசனத்தில் அதே மீன்கள் 153 'பெரிய' மீன்கள். சொல்லின் வடிவம் சின்னதாக்கிச் சொல்வது என்பதால் பொருளும் சிறிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுமை சொல்ல வேண்டிய இடத்துக்கு இக்துதியோன் இருக்கிறது. மத்தேயு 15:34-ல், உங்களிடம் எத்தனை அப்பம் என்று கேட்டதற்குச் சீஷர்கள், ஏழு அப்பமும் சில சிறு மீன்களும் என்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளி, இயேசு அவற்றைக் கையில் எடுக்கும்போது மத்தேயு எழுதுவது வெறும் இக்தூஸ். சீஷர்கள் வாயில் பொடிமீன், இயேசுவின் கையில் மீன். மத்தேயு இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு எண்களும் அங்கே இருக்கின்றன. நீங்களே பாருங்கள்.

யோவான் 21-ஐ எண்களோடு வாசியுங்கள்

ஒரே அதிகாரத்தை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். ஐந்து சொற்களில் மூன்று இங்கே 14 வசனங்களுக்குள் வந்துவிடுகின்றன. பென்சிலால் உங்கள் தமிழ் வேதாகமத்தின் ஓரத்தில் எண்களைக் குறித்துக்கொண்டே போங்கள்.

5-ம் வசனம். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. கரையில் நிற்கிறவர், பழைய திருப்புதலில், 'புசிக்கிறதற்கு ஏதாகிலும்' உண்டா என்று கேட்கிறார். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அந்தக் கேள்வியில் மீன் என்ற சொல்லே வருகிறது. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு பக்கங்கள். புரொஸ்ஃபாகியோன் என்றால் கூடச் சேர்த்துச் சாப்பிடுவது. நேராக நம் தொடுகறி. கேள்வி தொடங்குகிற விதமும் முக்கியம். கிரேக்கத்தில் 'மே' என்று ஆரம்பித்தால் 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்க்கிற கேள்வி. எங்கள் பேச்சில், "பிள்ளையளா, தொட்டுக்க ஒண்ணும் இல்லை, என்ன?" என்று கேட்பது மாதிரி. அவர்களுடைய படகு வெறுமையாக இருப்பது கேட்கிறவருக்குத் தெரியும். அவர்களும் இல்லை என்று மட்டும் சொல்கிறார்கள்.

6, 8, 11 ஆகிய வசனங்களில் மீன் வலைக்குள் இருக்கிறது. மூன்றிலும் 2486, இக்தூஸ். வலையை இழுக்க முடியாத அளவு மீன், மீன்கள் நிறைந்த வலை, 153 பெரிய மீன்.

9-ம் வசனத்தில் கரையில் இறங்குகிறார்கள். கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். இங்கே 3795. நெருப்பில் வைத்தாகிவிட்டது, பெயர் மாறிவிட்டது. 13-ல் எடுத்துக் கொடுக்கும்போதும் 3795. தண்ணீரில் இருப்பது இக்தூஸ், சாப்பாட்டில் வருவது ஒப்சாரியோன் என்று கோடு போட்டுவிடலாம்போலத் தோன்றும். ஆனால் 10-ம் வசனம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. மீன்கள் இன்னும் வலைக்குள்தான் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் ஒருவர் மட்டும் அவற்றை இப்போதே ஒப்சாரியோன் என்கிறார். அவர்களுக்கு அது பாடு, பிடி, எண்ணிக்கை. அவருக்கு அது காலைச் சாப்பாடு. அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த வேலை முழுவதும் தகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூடவே 'கரிநெருப்பு' என்ற சொல்லையும் தொட்டுப் பாருங்கள். அந்திரகியா, எண் 439. புதிய ஏற்பாட்டில் இரண்டே இடம். மற்றது யோவான் 18:18, பேதுரு குளிர்காய்ந்துகொண்டு, நான் அல்ல என்று சொன்ன முற்றம். இது மீன் இல்லைதான். ஆனாலும் இதைக் காட்டாமல் என்னால் அந்த அதிகாரத்தைத் தாண்ட முடியவில்லை.

153 என்ன கணக்கு என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும், பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரமும் சேர்ந்து 17 என்று பழைய சபைப் பிதாவான அகஸ்தீன் விளக்கம் எழுதினார். யோவான் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறார்.

லூக்கா 24:42, யோனா

உயிர்த்தெழுந்த இயேசுவுக்குக் கொடுத்தது 'பொரித்த மீன்கண்டம்' என்று பழைய திருப்புதலில் வாசிக்கிறோம். நம் மனசில் எண்ணெய்ச் சட்டிதான் வரும். கிரேக்கத்தில் ஒப்தோஸ், அதாவது நெருப்பில் சுட்டது, வாட்டியது. எண்ணெய் அந்தச் சொல்லில் இல்லை. சுட்ட மீன் துண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கூடவே வரும் 'தேன்கூட்டுத் துணிக்கை' பிந்தைய கையெழுத்துப் பிரதிகளில் இருக்கிறது. சீனாய், வத்திக்கான் முதலான பழமையான பிரதிகளில் மீன் மட்டும்தான். உங்கள் பக்கத்து வீட்டாரின் வேதாகமத்தில் தேன்கூடு இல்லையென்றால் அதற்குக் காரணம் இதுதான். யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை.

யோனாவை விழுங்கியது மீனா, திமிங்கலமா என்பது பிள்ளைகளின் நிரந்தரக் கேள்வி. எபிரெயத்தில் பெரிய மீன். கிரேக்க மொழிபெயர்ப்பிலும் மத்தேயுவிலும் கேதோஸ், ராட்சத நீர்வாழ் உயிர் என்ற அளவில் உள்ள சொல். ஆதியாகமம் 1:21-ல் நாம் 'மகா மச்சங்கள்' என்று வாசிக்கிற இடத்திலும் கிரேக்கத்தில் இதே சொல்தான். 1611-ல் வந்த ஆங்கில வேதாகமம் மத்தேயுவில் திமிங்கலம் என்று போட்டது. இரண்டு மூலமொழிச் சொற்களும் இனத்தைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இனி அந்த அடையாளத்துக்கு வருவோம்

முதல் பக்கத்தில் எழுதிய 20 இக்தூஸையும் மறுபடி எடுங்கள். இப்போது சொல்லின் வாலை மட்டும் பாருங்கள். நம் தமிழில் மீன், மீனை, மீனுடைய, மீன்கள் என்று மாறுவதுபோல அங்கேயும் மாறும். 'மீனை' என்பது இக்தூன்: மத்தேயு 7:10, 17:27, லூக்கா 11:11. 'மீனுடைய' என்பது இக்துயோஸ்: லூக்கா 11:11-லேயே இன்னொரு தடவை, பிறகு 24:42. 'மீன்கள்' எழுவாயாக ஒரே இடம், லூக்கா 9:13, இக்துயெஸ். 'மீன்களை' ஏழு தடவை, 'மீன்களுடைய' ஏழு தடவை. கூட்டிப் பாருங்கள்: 3, 2, 1, 7, 7. இருபது வந்துவிட்டது.

கார்களில் எழுதியிருக்கிற வடிவம், சிக்மா என்ற 'ஸ்' எழுத்தில் முடிகிற, ஒருமை எழுவாயான 'இக்தூஸ்', புதிய ஏற்பாட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை. அகராதியின் தலைச்சொல்லாக மட்டும் இருக்கிறது. கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள தோபித்து ஆகமத்தின் 6-ம் அதிகாரத்தில், டைகிரிஸ் ஆற்றிலிருந்து ஒரு மீன் துள்ளி வருகிறதே, அங்கே கிரேக்கத்தில் அந்த வடிவம் உண்டு. 'எந்த அதிகாரம்?' என்று அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இதுதான் முழுப் பதில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் போதவில்லை.

அப்படியானால் அடையாளம் எங்கிருந்து வந்தது? ஐந்து கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள்: இயேசூஸ், கிறிஸ்தோஸ், தெயூ, ஹுயோஸ், சோதேர். இயேசு, கிறிஸ்து, தேவனுடைய, குமாரன், இரட்சகர். அந்த முதலெழுத்துகள் இயோட்டா, கீ, தீட்டா, இப்சிலோன், சிக்மா. சேர்த்தால் இக்தூஸ். ஹுயோஸில் 'ஹ' வருகிறதே, எழுத்து ஒத்துப்போகவில்லையே என்று கேட்பார்கள். கிரேக்கத்தில் அந்த மூச்சுக்குத் தனி எழுத்து இல்லை, சொல் இப்சிலோனில்தான் தொடங்குகிறது. இந்த ஐந்து சொற்களும் தனித்தனியாக வேதத்தில் தாராளமாக உண்டு. லூக்கா 2:11-ல் தேவதூதன் மேய்ப்பர்களிடம் சொன்ன 'இரட்சகர்' சோதேர்தான். கோர்த்து மீனாக்கியது பின்னால் வந்த விசுவாசிகள். கிரேக்கத்தில் மட்டுமே அது கோர்வையாகும். இயேசு பேசிய அரமேயிக்கில் மீனுக்கு 'நூனா' என்று பெயர். அதில் இந்தக் கோர்வை வராது.

200-ம் ஆண்டையொட்டி இரண்டு பேர் மீனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, விசுவாசிகளின் முத்திரை மோதிரங்களில் புறா, மீன், காற்றில் ஓடும் கப்பல், யாழ், நங்கூரம் இவை இருக்கட்டும் என்றார். கார்த்தேஜின் தெர்துல்லியன் ஞானஸ்நானத்தைப் பற்றி இலத்தீனில் எழுதும்போது, இந்த ஒரு சொல்லை மட்டும் கிரேக்கத்திலேயே வைத்து, நம்முடைய இக்தூஸாகிய இயேசுகிறிஸ்துவைப் பின்பற்றிச் சிறு மீன்களாகிய நாம் தண்ணீரில் பிறக்கிறோம் என்றார். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் தேவநகரம் என்ற நூலின் 18-ம் புத்தகத்தில் முதலெழுத்துக் கோர்வையை விளக்குகிறார். உபத்திரவ காலத்தில் ஒருவர் மணலில் ஒரு வளைகோடு போட, எதிரே வந்தவர் மறு வளைகோட்டைப் போட்டு மீனாக்கினார் என்ற கதையை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆதித் திருச்சபையார் விட்டுப்போன எழுத்துகளில் அந்தக் கதை இல்லை. இப்போது சொல்வதில்லை. கிளெமெந்தின் மோதிரத்தைச் சொல்கிறேன்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை வேண்டுமானால், எபேசுவின் பளிங்குத் தரையில் செதுக்கியிருக்கிற சக்கரத்தை வரையச் சொல்லுங்கள். காம்பஸால் ஒரு வட்டம். நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, அது இயோட்டா. மையத்தில் வெட்டிக்கொள்ளும்படி இரண்டு சாய்கோடுகள், பெருக்கல் குறி மாதிரி, அது கீ. இனி குறுக்காக ஒரு கோடு. வட்டமும் அந்தக் குறுக்குக்கோடும் சேர்ந்தால் தீட்டா. சாய்கோடுகளின் மேல் இரண்டு கைகளையும் நேர்கோட்டின் கீழ்ப்பாதியையும் கலர் பென்சிலால் அழுத்துங்கள், கவட்டை மாதிரி வரும், அது இப்சிலோன். அந்தக் காலத்தில் சிக்மாவைப் பிறை மாதிரி வலப்பக்கம் திறந்து எழுதுவார்கள். வட்டத்தின் இடது பாதியை வேறொரு கலரில் போடுங்கள். ஐந்து எழுத்தும் ஒரே சக்கரத்துக்குள் வந்துவிட்டது. ஆரங்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வர வேண்டும். ஏழுதான் வருகிறது என்று யாராவது சொன்னால், குறுக்குக்கோடு வட்டத்தின் மறுபக்கம் வரை போயிருக்காது. ஸ்கேலை மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.